கேரவன் வாங்கப் போறீங்களா? மெத்தையை அப்புறம் பாருங்க, ஆர்சி-யை முதல்ல பாருங்க



நம்ம சேனல்ல இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "சார், ஒரு வேன் வாங்கி கேரவனா மாத்திட்டா வீக்எண்ட்ல ஊர் சுத்தலாம், மீதி நாள் வாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டிக்கலாம். ஐடியா ஓகேவா?"

ஒரு காலத்துல கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல நடிகர்களுக்காக நிக்கிற வண்டி. இப்போ ரீல்ஸைத் திறந்தா மலை மேல வேன், உள்ள மெத்தை, பின்னாடி கதவைத் திறந்தா காபி. ஆசை வர்றதுல தப்பே இல்ல. ஆனா 15, 20 லட்சம் போற ஒரு விஷயத்தை 30 செகண்ட் வீடியோவை நம்பி முடிவு பண்ணாதீங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கேரவன் வாங்குறவங்களுக்கு நம்ம நாட்டுல பாதுகாப்பே இல்லைன்னு சிலர் சொல்றாங்க. அது சரியில்ல. தரநிலையும் இருக்கு, நுகர்வோர் சட்டமும் இருக்கு. ஆனா உங்க கையில என்ன பேப்பர் இருக்கோ, அந்த அளவுக்குத்தான் அது உங்களைக் காப்பாத்தும். அந்தப் பேப்பரை அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி வாங்கணும். குடுத்ததுக்கு அப்புறம் கேட்டா கிடைக்காது.

நீங்க வாங்குறது ஒண்ணு இல்ல, ரெண்டு

ஷோரூம்ல கார் வாங்கும்போது அந்த மாடல் முழுசா டெஸ்ட் ஆகி, அப்ரூவல் வாங்கி வந்திருக்கும். பல கேரவன்கள் அப்படி வர்றதில்ல. வேன் ஒரு கம்பெனியோடது. உள்ள இருக்கிற கட்டில், வயரிங், கிச்சன் எல்லாம் ஒரு ஃபேப்ரிகேட்டர் பண்ணது. ரெண்டு பில், ரெண்டு வாரண்டி. நாளைக்கு வயரிங்ல பிரச்சினைன்னா "வெளியில கை வச்சிட்டாங்க"ன்னு கம்பெனி சொல்லும். "வண்டியில தான் கோளாறு"ன்னு ஃபேப்ரிகேட்டர் சொல்வார். நடுவுல நிக்கிறது நீங்க.

மோட்டார் கேரவனுக்குன்னே ஏஐஎஸ்-124 என்கிற தரநிலை இருக்கு. உட்கார சீட், டேபிள், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்க இடம், இதெல்லாம் உள்ள வண்டியைத்தான் மோட்டார் கேரவன்னு எடுத்துக்குவாங்க. புனேவில் இருக்கிற ஏஆர்ஏஐ மாதிரியான அரசு அங்கீகாரம் பெற்ற டெஸ்டிங் ஏஜென்சிகள் சோதிச்சு சான்றிதழ் குடுப்பாங்க. அதனால முதல் கேள்வி, "இந்த மாடலுக்கு டைப் அப்ரூவல் சான்றிதழ் இருக்கா? ஆர்சி-யில வண்டி என்ன வகைன்னு பதிவாகும்?"

"அதெல்லாம் ஆர்டிஓ-ல பாத்துக்கலாம் சார், எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க"ன்னு பதில் வந்தா, சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேளுங்க: "சரி, அதையே லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்துடுங்க." அங்கேயே விஷயம் தெரிஞ்சிடும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சி-யில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. மீறினா தண்டனை வண்டி ஓனருக்கு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். மாத்தினது ஃபேப்ரிகேட்டரா இருந்தாலும், பேர் உங்களோடது.

ஒரு மெத்தையை விரிச்சு, கையோட எடுத்துட்டுப் போற அடுப்பை வச்சுக்கிறது வேற. சீட்டைக் கழட்டுறது, கூரையை வெட்டுறது, நிரந்தரமா கிச்சன் போடுறது வேற. ரெண்டாவது வகைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லி, பாலிசியில ஏத்திக்கணும். சொல்லாம விட்டா, விபத்து நடந்தப்புறம் சர்வேயர் வந்து பார்க்கும்போது தான் பிரச்சினை ஆரம்பிக்கும். லோன் இருக்கிற வண்டின்னா பேங்க் சம்மதமும் எழுத்துல வேணும்.

பளபளப்புல தெரியாத தரம்

உள்ள எல்இடி லைட், வுட் ஃபினிஷ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது மூணு.

எடை: ஒவ்வொரு வண்டியும் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும்னு ஆர்சி-யிலேயே இருக்கும். 100 லிட்டர் தண்ணி டேங்க்னா 100 கிலோ. ஒரு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல வரும். அதோட ஏசி, பிளைவுட், ஃப்ரிட்ஜ், நாலு பேர், அவங்க லக்கேஜ். எடை கூடினா பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் அடி. டெலிவரி எடுக்கும் முன்னாடி டேங்க் நிரப்பி எடை மேடையில ஏத்திப் பாருங்க. பில்டர் வேண்டாம்னா, அதுவே உங்களுக்குப் பதில்.

கேஸ்: எல்பிஜி காத்தை விடக் கனமானது. லீக் ஆனா மேல போகாது, தரையில தேங்கும். நீங்க படுக்குற இடமும் அதே தரைக்குப் பக்கத்துல தான். சிலிண்டர் வைக்கிற பெட்டி தனியா மூடியிருக்கணும், அதோட அடியில வெளியே போற ஓட்டை இருக்கணும். அடுப்பு, ட்யூப் ரெண்டுலயும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும்.

வயரிங்: ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் இருக்கா, எந்த வயர் எங்க போகுதுன்னு டயகிராம் இருக்கா? டயகிராம் இல்லாத வயரிங்கை வேற எலக்ட்ரீஷியன் தொடவே யோசிப்பார்.

நுகர்வோர் சட்டம் எங்க கை குடுக்கும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லைன்னா 30 நாள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்கே போகலாம்.

நீங்க குடுத்த தொகை 50 லட்சம் வரைன்னா மாவட்ட ஆணையம். கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரை வெறும் ₹400. கடை வெளியூர்ல இருந்தாலும் நீங்க வசிக்கிற ஊர்லயே புகார் குடுக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள குடுத்துடணும். முதல் படியா 1915 ஹெல்ப்லைன்.

நல்லா இருக்குல்ல? இப்போ "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம் சார், கேஷா குடுத்துடுங்க"ங்கிற வார்த்தையை யோசிச்சுப் பாருங்க. நீங்க மிச்சம் பிடிக்கிறது வரியை இல்ல, உங்க சாட்சியத்தையே விட்டுக் குடுக்குறீங்க. 6 லட்சம் கேஷா குடுத்தேன்னு ஆணையத்துல எதை வச்சு நிரூபிப்பீங்க? அதோட, ஒரே பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. வாங்குறவருக்கு அதே தொகை அபராதம். இது தெரிஞ்சும் கேஷ் கேக்குறவர், வாரண்டியில மட்டும் ஒழுங்கா இருப்பார்னு எப்படி நம்புறது?

வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினா 1% டிசிஎஸ் பிடிப்பாங்க. அது 26ஏஎஸ்-ல வந்திருக்கான்னு பார்த்து, ரிட்டர்ன்ல க்ளைம் பண்ணுங்க. அது உங்க பணம்.

"வாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டிக்கலாம்"

இங்க தான் நிறைய பேர் மாட்டுவாங்க. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட அனுமதி இல்ல. பர்மிட் வேணும், இன்சூரன்ஸும் கமர்ஷியலா இருக்கணும்.

அதை விடப் பெரிய விஷயம்: லாப நோக்கத்துக்காக வணிக ரீதியா வாங்கினா, நுகர்வோர் சட்டத்துல நீங்க "நுகர்வோர்" இல்ல. சுயதொழில் செஞ்சு பிழைக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாசச் சம்பளம் வாங்குற நீங்க சைடு இன்கமுக்காக வாங்கினேன்னு சொன்னா, அந்த விலக்கு கிடைக்கிறது கஷ்டம். மேல சொன்ன ₹400 பாதுகாப்பு மொத்தமும் போயிடலாம்.

கணக்கும் பாருங்க. இன்டீரியருக்கு மட்டும் 6 லட்சம் பர்சனல் லோன், 12%, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் ₹13,350. வட்டி மட்டும் 2 லட்சம். வண்டி பட்டறையில நாலு மாசம் தாமதமானாலும் இஎம்ஐ தாமதமாகாது.

அட்வான்ஸுக்கு முன்னாடி எழுத்துல வாங்க வேண்டியவை

1. டைப் அப்ரூவல் சான்றிதழ் நகல், ஆர்சி-யில பதிவாகப் போற வகை.
2. ஒவ்வொரு பொருளுக்கும் பிராண்ட், மாடல், விலை போட்ட ஜிஎஸ்டி கொட்டேஷன்.
3. டெலிவரி தேதி, தாமதமானா வாரத்துக்கு எவ்வளவு கழிவு.
4. வேலை முடிய முடிய பணம். கடைசி 20% எடை மேடைக்கும் ஆர்சி-க்கும் அப்புறம்தான்.
5. எந்தக் கோளாறுக்கு யார் பொறுப்புன்னு வாரண்டி.

"இப்படியெல்லாம் கேட்டா யாரும் வேலை செய்ய மாட்டாங்க"ன்னு சொல்வீங்க. பாதி உண்மை. நல்ல கைவேலைக்காரர் பலர் சின்னப் பட்டறையில தான் இருக்காங்க, அப்ரூவல் ஆன மாடலுக்கு விலையும் கூட. ஆனா அந்த விலை வித்தியாசத்தை லாபம்னு நினைக்காதீங்க. அது நீங்க தலையில ஏத்திக்கிற ரிஸ்க்கோட விலை. உங்க குடும்பம் தூங்கப் போற வண்டி அது.

அவசரமும் இல்ல. கேரளா அரசு 2021-லயே கேரவன் டூரிஸம் திட்டம் கொண்டு வந்துச்சு. வாகமண்ல கேரவன் பார்க்கே இருக்கு. முதல்ல ரெண்டு ராத்திரி வாடகை கேரவன்ல தங்கிப் பாருங்க. அதுக்கு அப்புறமும் ஆசை குறையலன்னா, மேல சொன்ன அஞ்சு பேப்பரோட போய்ப் பேசுங்க.

உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு கொட்டேஷன் இருந்தா, அதுல இந்த அஞ்சுல எத்தனை இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல ஒரு கொட்டேஷனை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.