எழுவாய் எங்கே?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அடுத்த சில வாரங்களில் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் தூரிகையும் மையுமாக உட்கார்ந்தார்கள். சித்திர வகுப்பு அல்ல. ஆசிரியர் பக்க எண்ணைச் சொல்லச் சொல்ல, பாடப்புத்தகத்தில் போரையும் படையையும் புகழ்ந்த வரிகளைக் கறுப்பு மை பூசி மறைக்க வேண்டும். கோடைவரை மனப்பாடமாக ஒப்பித்த வரிகள். மறைக்கச் சொன்னவரும் ஒப்பிக்கச் சொன்ன அதே ஆசிரியர்தான்!

சரித்திரப் புத்தகத்துக்கு அந்த மையும் போதவில்லை. ஆண்டின் கடைசி நாளில், ஆக்கிரமித்திருந்த அமெரிக்கத் தலைமையகம் அந்தப் பாடத்தையே நிறுத்திவைத்தது. அரசே எழுதி நாடெங்கும் அனுப்பிய அந்தப் புத்தகத்தில் ஜப்பானின் கதை சூரியதேவியிடமிருந்து தொடங்கும். மன்னர் அவள் வாரிசு, குடிகள் மன்னரின் பிள்ளைகள். 1946இல் வந்த புதிய புத்தகமோ கற்காலத்திலிருந்து தொடங்கியது. ஒரே வருஷத்தில் ஒரு தேசத்துக்கு மூதாதையர் மாறிப்போனார்கள்.

புதிய புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர் சபுரோ இயெனாகா. போர்க்காலத்தில் தாமும் வாத்தியாராக இருந்து, வாய் திறக்காமல் பாடம் நடத்தியவர். அந்த உறுத்தல் கடைசிவரை அவரை விடவில்லை. பிற்பாடு அவர் உயர்நிலைப் பள்ளிக்கு எழுதிய சரித்திர நூலைக் கல்வி அமைச்சகத்தின் தணிக்கையாளர்கள் 1963இல் நிராகரித்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, போரை ரொம்ப இருட்டாகக் காட்டுகிறது என்பது. (அந்தப் போரில் ஜப்பானியப் படை போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களைக் கேட்டால், இருட்டு போதவில்லை என்றிருப்பார்கள்.)

இயெனாகா 1965இல் அரசின்மீது வழக்குப் போட்டார். பிறகு இன்னொன்று, இன்னுமொன்று. மூன்றாவது வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது 1997. மனிதர்கள்மேல் கொடூரச் சோதனை நடத்திய ஜப்பானியப் படையின் ‘731ஆம் பிரிவு’ பற்றிய பகுதியை அவர் நூலிலிருந்து நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. தணிக்கை முறை மட்டும் செல்லும். முப்பத்திரண்டு வருஷ வழக்காடலின் முடிவில் நஷ்டஈடு நாலு லட்சம் யென். கிழவர் தோற்றாரா, ஜெயித்தாரா என்று இன்னும் விவாதிக்கலாம். ஆனால் பாடப்புத்தகம் வானத்திலிருந்து விழுவதில்லை, அதை யாரோ ஒருவர் மேஜையில் வைத்துத் திருத்துகிறார் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது.

அந்தத் திருத்தம் எவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்பதற்கு ஒகினாவா சாட்சி. 1879வரை ரியூக்கியு என்ற தனி அரசாக இருந்த தீவுகள். ஜப்பானோடு சேர்க்கப்பட்டபின், வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மரப்பலகையை மாட்டி ‘ஜப்பானியராக’ வளர்த்தார்கள். 1945 போரில் அந்தத் தீவு மக்களில் நாலில் ஒருவர் இறந்ததாகச் சொல்வார்கள். எதிரியிடம் பிடிபடக்கூடாது என்று ஜப்பானியப் படையினர் கொடுத்த கையெறிகுண்டுகளால் குடும்பம் குடும்பமாக உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் அதில் அடக்கம்.

2007 மார்ச்சில் கல்வி அமைச்சகம் கைவைத்தது இந்த இடத்தில்தான். மக்கள் தற்கொலை செய்துகொண்டது புத்தகத்தில் இருக்கலாம். படை செய்யவைத்தது என்று இருக்கக்கூடாது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: பிறவினையைத் தன்வினையாக்கிவிட்டார்கள். சாவு அப்படியே இருக்கிறது, கொன்றவர் மட்டும் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

ஒகினாவா கொதித்தது. செப்டம்பர் 29 அன்று கினோவான் கடற்கரைப் பூங்காவில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் கூடினார்கள் என்பது அமைப்பாளர்கள் கணக்கு. உயிர்பிழைத்த முதியவர்களோடு பள்ளி மாணவர்களும் மேடையேறினார்கள். தாத்தா பாட்டிகள் சொன்னதெல்லாம் பொய்யென்றா அரசு சொல்கிறது என்பது அந்தப் பிள்ளைகளின் கேள்வி. வீட்டுத் திண்ணையில் கேட்ட கதைக்கும் பரீட்சையில் எழுத வேண்டிய விடைக்கும் நடுவே அகப்பட்டவர்கள் அவர்கள்தான்.

டிசம்பரில் அமைச்சகம் கொஞ்சம் இறங்கிவந்தது. படைக்குச் ‘சம்பந்தம் இருந்தது’ என்று எழுதிக்கொள்ளலாம். படை ‘கட்டாயப்படுத்தியது’ என்று நேராக எழுத அனுமதியில்லை. அடுத்த ஏப்ரலில் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் கைக்கு வந்த புத்தகத்தில், அந்த வாக்கியத்துக்குப் பாதி எழுவாய்தான் கிடைத்திருந்தது.