வெனிஸ் நகரைப் பார்க்கக் கட்டணம்!

இத்தாலியில் தண்ணீர் நடுவே இருக்கும் பழைய நகரம் வெனிஸ். அங்கே கார் கிடையாது, படகுதான்.

1951-ல் அங்கு சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது! பல வீடுகள் பயணிகள் விடுதிகளாகிவிட்டன.

கட்டணம் யாருக்கு?

காலையில் வந்து மாலையில் திரும்புவோரால் கூட்டம் நெரிந்தது. ஆகவே 2024-ல், கூட்டம் மிகுந்த சில நாட்களில் அவர்களிடம் 5 யூரோ வசூலித்தார்கள். 2025-ல், கடைசி நேரத்தில் பதிவு செய்தவர்களுக்கு 10 யூரோ. இரவு தங்குவோருக்கு இது கிடையாது. தங்கும் வரி உண்டு.

என்ன செய்யலாம்?

போகிறவர்கள் ஓட்டலில் ஓர் இரவாவது தங்கலாம். காலையில் ரியால்டோ சந்தையைப் பார்க்கலாம். மாலையில் சிறு கடைகளில், ரொட்டித் துண்டின் மேல் மீன் வைத்துத் தரும் "சிக்கெட்டி" சாப்பிடலாம்.

சந்தையும் கடையும் நிலைத்தால்தான் ஊர்க்காரர் இருப்பார்கள். அவர்கள் போய்விட்டால், வெனிஸ் வெறும் காட்சிசாலைதானே?