மருந்தாம் மருந்து!

"மருந்து அடிக்கப் போகிறேன்" என்று சொல்லித்தான் விவசாயத் தொழிலாளி முதுகில் டேங்கைச் சுமந்து புறப்படுகிறான். யாருக்கு மருந்து? கடைக்காரனும் கம்பெனி ஏஜண்டும் நம் வாயில் திணித்த இந்தச் சொல்லே முதல் மோசடி என்கிறோம்.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் நஞ்சுகள் நரம்பைத் தாக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. மனிதனுக்கும் அதே கதிதான். நரம்பு ஒரு ரசத்தைச் சுரந்து தசைக்குக் கட்டளை இடுகிறது. கட்டளை முடிந்ததும் அந்த ரசத்தைத் துடைக்க ரத்தத்திலும் நரம்பிலும் ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்த நொதியை முடக்குகிறது, கட்டளை ஓய்வதில்லை. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சில் ஒழுகும், சதை துடிக்கும், கடைசியில் மூச்சுவிடும் தசையே நின்றுபோகும். குடித்தால்தான் என்பதில்லை, நனைந்த சட்டை வழியே தோலில் ஊறினாலும் போதும். 1936-ல் ஜெர்மனியில் ஐ.ஜி. பார்பன் கம்பெனி ரசாயனி ஷ்ரேடர் பூச்சிக்கொல்லி தேடப்போய்க் கண்டெடுத்தது 'டாபுன்' என்ற போர் விஷம். அந்தக் குடும்பத்துச் சரக்குதான் வயலுக்கு வருகிறது!

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் ஆளுயரப் பருத்திக்குள் நஞ்சு தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். மில் தோழர்களே, நீங்கள் நூற்கும் பஞ்சு இப்படிப்பட்ட வயலிலிருந்துதான் வருகிறது. உடனே கிளம்பிய பேச்சு என்ன? "கையுறை போடவில்லை, முகமூடி கட்டவில்லை, கூலிக்காரனின் கவனக்குறைவு!"

நன்று! கையுறையை வாங்கிக் கொடுத்தது யார்? கொளுத்தும் வெயிலில் ரப்பர் உடையோடு நாள் முழுக்கத் தெளிக்க இந்த உபதேசிகள் ஒருநாள் வரட்டுமே. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, தெளிக்கும் வேலைக்கு எடுக்குமுன் டாக்டர் பரிசோதனை வேண்டும். பாஸ்பரஸ் நஞ்சு என்றால் மாதம் ஒருமுறை ரத்தத்தில் அந்த நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். உங்களில் எவர் ரத்தத்தை எவர் பார்த்தார்? ஐம்பதாண்டு தாண்டிய விதியை மீறியவர்களின் குற்றம் பேசப்படவில்லை. செத்தவனின் கவனக்குறைவு பேசப்படுகிறது.

நஞ்சு இல்லாமல் விளைச்சல் ஏது என்று மிரட்டுகிறார்கள். இலங்கை 1995-லேயே மோனோகுரோட்டோபாஸைத் தடுத்தது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை. இந்திய சர்க்காரோ 2005-ல் காய்கறிக்கு மட்டும் தடை போட்டது. தின்பவனுக்கு நரம்பு உண்டு, தெளிப்பவனுக்கு இல்லையோ?

டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது முதல்தரக் கொடிய நஞ்சு. தலை சுற்றி, வாந்தி வந்து, பார்வை மங்கினால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அட்ரோபின் ஊசி மலிவானது, உயிர் காப்பது. தெளிந்ததும் வீட்டுக்கு விரட்டினால் போகாதீர்கள். ஒன்றிலிருந்து நாலு நாளைக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரக்கூடும். 1987-ல் இலங்கை டாக்டர்கள் சேனாநாயக்கவும் கரலியத்தவும் எழுதிவைத்த உண்மை இது.

அடுத்த முறை தெளிப்புக் கூலி பேசும்போது ரத்தப் பரிசோதனையையும் பேசுவோம். பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலியையும் சேர்த்தே கேட்போம்.