எந்தத் திசையில் மாற்றம்?

உலகம் நன்மையை நோக்கிச் செல்கிறதா, தீமையை நோக்கிச் செல்கிறதா என்கிற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுகிறது. இந்தியாவைப் பொருத்தவரை இரு தரப்பினருக்குமே சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 1951-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 18 பேர் மட்டுமே எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 74 ஆக உயர்ந்தது. விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள், இன்று 70 ஆண்டுகள் என்கிற அளவில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை முடக்கிவந்த போலியோ நோயிலிருந்து இந்தியா விடுபட்டுவிட்டதாக 2014 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எல்லாமே கெட்டுவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் இவற்றைப் புறந்தள்ளிவிட முடியாது.

ஆனால், இந்த முன்னேற்றங்களுக்கெல்லாம் நிதி ஒதுக்கி, சட்டம் இயற்றி, அரசைக் கேள்வி கேட்டு வழிநடத்த வேண்டிய நாடாளுமன்றத்தைப் பார்க்கும்போது அதே மனநிறைவு ஏற்படுவதில்லை. 1952 முதல் 1957 வரையிலான முதலாவது மக்களவை 677 நாள்கள் கூடியது. 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவை கூடிய நாள்கள் 274 மட்டுமே. கொரோனா பெருந்தொற்று காரணமாகச் சில கூட்டத்தொடர்கள் சுருங்கின என்பது உண்மைதான் என்றாலும், பல ஆண்டுகளாகவே தொடரும் சரிவுக்கு அது மட்டுமே காரணமாகிவிடாது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமலேயே அந்த அவை தனது ஐந்தாண்டு பதவிக்காலத்தை முடித்துக்கொண்டது.

அதற்காக, நேற்றைய தினம் பொற்காலம், இன்றைய தினம் இருண்ட காலம் என்று தீர்ப்பு எழுதிவிடுவதும் தவறு. முதலாவது மக்களவையில் 25 பெண்கள்கூட இல்லை. 2019-இல் 78 பெண்களும், 2024-இல் 74 பெண்களும் வெற்றி பெற்றனர். இதுவும் போதாதுதான். ஆனாலும், மாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைத்தவர்கள் மட்டுமே பார்க்க முடிந்த அவை நடவடிக்கைகளை இன்று வீட்டிலிருந்தபடியே கோடிக்கணக்கான மக்கள் பார்க்க முடிகிறது.

இன்றைய சீர்கேடுகளையும் விஞ்சிய ஒரு காலகட்டத்தை இந்த நாடாளுமன்றம் கடந்து வந்திருக்கிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிடப் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளித்த சட்டம், பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956-இல் நிறைவேறியது. நெருக்கடி நிலையின்போது, 1976-இல் அது ரத்து செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, மக்களவையின் ஆயுளே நீட்டிக்கப்பட்டது. 1977 தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டில் பத்திரிகைகளுக்கான பாதுகாப்பு திரும்பக் கிடைத்தது. 1978-இல் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பல தவறுகளைச் சரி செய்தது. தவறே நேராமல் இருந்ததில்லை. நேர்ந்த தவறைத் திருத்திக்கொள்ள ஓர் இடம் இருந்தது என்பதுதான் இந்திய ஜனநாயகத்தின் பலம்.

இன்று கவலையளிப்பது அந்த இடம் சுருங்கி வருவதுதான். 1993-இல் ஏற்படுத்தப்பட்ட துறைசார் நிலைக்குழுக்களின் வரலாறு இதைத் தெளிவாக்கும். தகவல் அறியும் உரிமை மசோதா 2004 டிசம்பரில் கொண்டுவரப்பட்டபோது மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பிறகு, 2005 மே மாதம் நிறைவேறியபோது மாநில அரசுகளும் அதன் வரம்புக்குள் வந்தன. அதே காலத்தில் கொண்டுவரப்பட்ட ஊரக வேலை உறுதி மசோதா, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. அதை ஆராய்ந்த குழுவின் தலைவர் எதிர்க்கட்சியான பாரதிய ஜனதாவைச் சேர்ந்த கல்யாண் சிங். எட்டு மாத ஆய்வுக்கும் விவாதத்துக்கும் பிறகு, விரும்பும் எல்லா ஊரகக் குடும்பங்களுக்குமான உரிமையாக அது சட்டமானது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா, குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படாமல் ஒரே வாரத்துக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. வேலை நாள்களை 100-லிருந்து 125 ஆக உயர்த்திய புதிய சட்டம், மாநிலங்களின் செலவுச் சுமையையும் கூட்டியது. அதன் நிறைகுறைகள் குறித்து இருவேறு கருத்துகள் இருக்கலாம். சுமையை ஏற்க வேண்டிய மாநிலங்களின் குரலைக் கேட்க ஒரு குழுவுக்குச் சில மாதங்கள் அளித்திருக்கலாம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

இது விதிவிலக்கும் அல்ல. 15-ஆவது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவையில் ஆறில் ஒன்றுதான் சென்றது. அவசரத்தின் விலை என்ன என்பதை வேளாண் சட்டங்கள் காட்டின. 2020 செப்டம்பரில் குழு ஆய்வின்றி நிறைவேறிய அந்த மூன்று சட்டங்களும், தில்லி எல்லைகளில் விவசாயிகள் ஓராண்டுக்கும் மேலாக நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறும் மசோதாவும் விவாதமின்றியே நிறைவேறியது. அவைக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய பிரச்னை, வெயிலிலும் பனியிலும் நெடுஞ்சாலையில் கிடந்தது.

பழி ஆளுங்கட்சிக்கு மட்டுமானதல்ல. 2010-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடரை, அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்துக் கூட்டுக்குழு விசாரணை கோரி ஏறத்தாழ முழுவதுமாக முடக்கியது அன்றைய எதிர்க்கட்சிதான். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில், மூன்று குற்றவியல் மசோதாக்களை நிறைவேற்றியது இன்றைய ஆளுங்கட்சி. இருக்கைகள் இடம் மாறும்போது வாதங்களும் இடம் மாறுகின்றன. நட்டம் மட்டும் எப்போதும் வாக்காளருக்கே.

மக்களவை ஆண்டுக்கு 120 நாள்களும், மாநிலங்களவை 100 நாள்களும் கூட வேண்டும் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சட்டச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம் 2002-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்க வேண்டும். மிக அவசரமானவை தவிர மற்ற மசோதாக்கள் எல்லாம் குழுவின் ஆய்வுக்குச் செல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை. எதிர்த்தரப்பின் பேச்சைக் கேட்கும் பொறுமை போதும்.

எழுத்தறிவும் ஆயுளும் தாமாக உயர்ந்துவிடவில்லை. கேட்டவர்களும், வாதாடியவர்களும், தவறைத் திருத்தியவர்களும் இருந்ததால் உயர்ந்தன. நாளைய இந்தியா இன்றையதைவிட மேம்பட்டதாக இருக்குமா என்று கேட்பவர்கள், அவையின் விளக்குகள் ஆண்டுக்கு எத்தனை நாள் எரிகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.