பெட்டியைப் பிரித்த கைகள் எங்கே போயின?

கைபேசிக் கடையில் தவணைக் கடன் வாங்க அரை மணி நேரம் போதும். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், ஒரு செல்ஃபி, இரண்டு மூன்று ஓடிபி. கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன ஊழியர் மாதத் தவணையைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் பெட்டியைப் பிரித்துவிடுகிறார். தயாரித்த நிறுவனம், விற்கும் கடை, கடன் தரும் நிறுவனம் மூவரும் அந்த நேரத்தில் ஒரு வீட்டு ஆட்கள் போலவே நடந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது வாரம் கைபேசி தானாக ஆஃப் ஆகத் தொடங்குகிறது. ஒருநாள் உயிரே வரவில்லை. அதோடு பாகப்பிரிவினையும் நடந்துவிடுகிறது. ‘விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்கிறது கடை. ‘போர்டு வரணும், இருபது நாள் ஆகும்’ என்கிறது சர்வீஸ் சென்டர். ‘போன் பிரச்சினை எங்களுக்குச் சம்பந்தமில்லை, அஞ்சாம் தேதி தவணையைக் கட்டிடுங்க’ என்கிறது நிதி நிறுவனம். வாங்கியவர் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தால், கைபேசி இல்லாத இருபது நாளும் கூலி இல்லாத நாள்தான். தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடும்.

சட்டம் இங்கே கைகட்டி நிற்கவில்லை. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்துவிடுவதால் பழுதான பொருளை விற்றவர் தப்பிவிட முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

ஆனாலும் கடன் என்ற முடிச்சு அவிழாமலே இருக்கிறது. கைபேசி ஓர் ஒப்பந்தம், கடன் வேறோர் ஒப்பந்தம் என்பதுதான் நிதி நிறுவனங்களின் வாதம். தாளின்படி அது சரி. பிரிட்டனில் 1974-இலேயே இதற்கு ஒரு விடை கண்டார்கள். அந்நாட்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை விற்பவரோடு இணைந்த கடனில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினாலோ ஒப்பந்தத்தை மீறினாலோ, கடன் கொடுத்தவரும் அவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இருக்க வேண்டும். கடையின் விற்பனையால் வட்டியும் கமிஷனும் பெறுபவர், அந்த விற்பனை பழுதானால் விலகி நிற்பது நியாயமே அல்ல. குறைந்தபட்சம், பழுது பற்றி எழுத்துப்பூர்வமான புகார் நிலுவையில் இருக்கும்வரை தவணையை நிறுத்திவைக்கவும், அந்த நாட்களுக்கு அபராதம் போடாமலிருக்கவும் ரிசர்வ் வங்கி விதி செய்யலாம்.

அந்த விதி வரும்வரை வாங்கியவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு. கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பவுன்ஸ் சார்ஜும் அபராதக் கட்டணமும் ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு கைபேசி குறுக்கே நிற்கும். தவணையைக் கட்டிக்கொண்டே எழுதிப் போராடுவதுதான் இன்றைய நிலையில் பாதுகாப்பான வழி. நியாயமற்ற வழி என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுதும் புகாரின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். ஆணையத்துக்குப் போகும்போது அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். சொல்லாத கட்டணம் பிடித்தார்கள், வசூல் ஆட்கள் மிரட்டினார்கள் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுத்து, 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் சிறு வியாபாரிகள், பழுதுக்குக் காரணம் நீங்கள் அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் வாங்கியவருக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது. சர்வீஸ் சென்டர் முகவரியைக் கையில் திணித்து அனுப்பாமல், நிறுவனத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பாதிப் பிரச்சினை அன்றே நகரும். நிதி நிறுவன ஊழியர்களுக்கும் கடமை உண்டு. வட்டியோடு எல்லாக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டும் முக்கிய விவரத் தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலத் திரையைக் காட்டி ஓடிபி வாங்குவது அந்த விதிக்குச் செய்யும் துரோகம்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய கைபேசி இருந்தால் அதன் பில்லை இன்றைக்கே தேடி எடுங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். சர்வீஸ் சென்டரில் கைபேசியைக் கொடுக்கும்போது, தேதியும் குறையும் எழுதிய ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதில் சிக்கல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ நீங்களே அழைத்துக் கொடுங்கள்.