கேள்வியும் அறிவும்

"எய்ட்ஸ் தெரியுமா?" என்று திருவண்ணாமலைப் பள்ளி மாணவி ஒருத்தியைக் கேட்டால், "ஓ, தெரியுமே!" என்று சொல்லக்கூடும். ஆனால் கேள்விப்படுவது வேறு, அறிவது வேறு.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. ஆணுறை காக்கும், நோயற்ற ஒரே துணையோடு வாழ்வதும் காக்கும், ஆரோக்கியமாகத் தோன்றுகிறவரிடமும் எச்.ஐ.வி. கிருமி இருக்கலாம், கொசுக்கடியாலோ உடனுண்பதாலோ அது பரவாது. இவ்வளவும் தெரிந்தால்தான் தேர்ச்சி! 2019-21ல் நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் தேறியவர்கள் நூற்றுக்குச் சுமார் 22 பேரே.

1986ல் இக்கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் சென்னை டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். இரு பெண்மணிகள் கண்டதைப் பெண்குலம் அறியாதிருக்கலாமா?

கொசுவைச் சந்தேகிக்கும் பெண் நோயாளியை ஒதுக்குவாள். தோற்றத்தை நம்பும் பெண் தானே ஏமாறுவாள். ஆகையால் ஆசிரியர்களே, பெற்றோர்களே, கூச்சத்தினால் அந்தப் பாடத்தை மட்டும் புரட்டித் தள்ளிவிடாதீர்கள்!