வாரக்கடைசி வயரிங் - 9: கரண்ட் போனா சென்சார் என்ன செய்யும்?

வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்காம சென்சார் மாட்டுறதைப் பத்தி போன பகுதியில எழுதினேன். பின்னூட்டத்துல பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: "அதெல்லாம் சரி, கரண்ட் போனா?" நம்ம ஆளுங்கன்னு இதுலயே தெரியுது பாருங்க :-)

சென்சாருக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்குற சிஆர்2032 பட்டன் செல் வருஷக்கணக்குல ஓடும். சிக்கல் என்னன்னா, அது பேசும், கேக்கத்தான் ஆள் இருக்காது. ஜிக்பீ சென்சாரோட சேதி பக்கத்துல இருக்குற ஸ்மார்ட் பிளக்குக்கோ பல்புக்கோ போகும், அங்கிருந்து ஹப்புக்கு, அப்புறம் ரவுட்டர், அப்புறம் இணையம். சென்சாரைத் தவிர மத்த எல்லாமே சுவத்துக் கரண்ட்டை நம்பி இருக்குற ஜீவன்கள்.

இதுல உண்மையான ஆபத்து வேற. நாங்க இருக்குறது ஹூஸ்டன்ல. ரூம்மேட்டுக்கு டைப் 1 சர்க்கரை. இன்சுலின் இருக்குற ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு வெப்பநிலை சென்சார் வெச்சிருக்கோம். திறக்காத இன்சுலின் 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். போன வருஷம் ஒரு மழை நாள்ல ரெண்டு பேருமே காலேஜ்ல இருந்தோம். மத்தியானம் பூரா ஆப் "4.1 டிகிரி"ன்னு காட்டிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வந்து பாத்தா வீட்டுல கரண்ட் போயி ஏழு மணி நேரம் ஆச்சாம். ஃபிரிட்ஜுக்குள்ள 12 டிகிரி! ஆப் காட்டினது காலையில கடைசியா வந்த கணக்கு. நல்லவேளை, 30 டிகிரிக்குள்ள இருந்தா 28 நாள் வரைக்கும் பயன்படுத்தலாம், தேதி எழுதி வெச்சுக்கோங்கன்னு மருந்துக்கடையில சொன்னாங்க.

அது சின்ன கட். 2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் அடிச்சப்போ ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேல இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. பல பேருக்கு நாள்கணக்குல வரலை. ஏசி இல்லாத ஜூலை மாச வீட்டுல 30 டிகிரிங்குறது கனவு. அதனால "சென்சார் ஆன்லைன்ல இருக்கணும்"ங்குறது எங்க வீட்டுல ஃபிலிம் காட்டுற விஷயம் இல்லை.

நாங்க செஞ்சது இதுதான்:

1. ஹப், ரவுட்டர், ஃபைபர் டப்பா மூணும் யூபிஎஸ்ல. மூணும் சேர்ந்து சுமார் 18 வாட்தான். சின்ன யூபிஎஸ்ல இருக்குற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, கணக்குப்படி 84 வாட்-மணி. காகிதத்துல நாலரை மணி நேரம், நிஜத்துல அதுல பாதிதான். 12 வோல்ட்டை 120 ஆக்கி, ரவுட்டர் அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்குறதுக்குள்ள நிறைய விரயம். நேரா 12 வோல்ட் குடுக்குற டிசி மினி யூபிஎஸ் வாங்கினா அதே பேட்டரி ரொம்ப நேரம் இழுக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்குற வோல்ட், ஆம்பியரைப் பாத்துக்கோங்க.

2. நடுவுல இருக்குற பிளக்கைக் கவனிங்க. பலரும் கோட்டை விடுறது இங்கதான். ஹப்புக்கு உயிர் இருந்தாலும், வழியில இருக்குற பிளக் செத்தா சென்சார் அநாதை. சில மாடல் தானா வேற வழி தேடிக்கும், சிலது முரண்டு பிடிக்கும். முக்கியமான சென்சார் ஹப்போட நேரா பேசுற தூரத்துல இருக்கட்டும். ஃபிரிட்ஜ் இரும்புப் பெட்டி வேற, சிக்னலை நல்லா அமுக்கும். நாங்க ஹப்பையே சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நகத்திட்டோம்.

3. மெளனத்தையே அலாரம் ஆக்குங்க. ஹோம் அசிஸ்டென்ட்டோட இசட்எச்ஏ, பேட்டரி சென்சார் பேசாம 6 மணி நேரம் ஆனாத்தான் "கிடைக்கவில்லை"ன்னு சொல்லும். ஜிக்பீ2எம்க்யூடிடி-ல அது 25 மணி நேரம்! இன்சுலினுக்கு இது ஆகாது, செட்டிங்ஸ்ல குறைங்க. கூடவே வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியில இருக்குற ஒரு சேவைக்கு "உயிரோட இருக்கேன்"னு சேதி போகுது. 15 நிமிஷம் வரலைன்னா அந்தச் சேவை ரெண்டு பேர் போனுக்கும் தகவல் அனுப்பும். யூபிஎஸ் தீர்ந்துட்டாலும் இது வேலை செய்யும். என்னைக் கேட்டா காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல செய்யணும்.

4. இணையம் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. வழக்கமான வீட்டு ஃபைபர்ல எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவுல கரண்ட் தேவைப்படுற கருவி பெரும்பாலும் இருக்காது. கேபிள் இணையத்துக்குத் தெருவுல இருக்குற ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேணும். அது படுத்தா உங்க யூபிஎஸ் சும்மா அழகுக்குத்தான்.

ஊர்ல இன்வெர்ட்டர் வெச்சிருக்கவங்களுக்கு: பல மாடல்ல பின்னாடி "யூபிஎஸ் மோட்"னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடலைன்னா, கரண்ட் மாறுற அந்த ஒரு நொடியில ரவுட்டர் அணைஞ்சு மறுபடி எழுந்திருக்கும். அம்மாவோட சீரியல் தப்பிச்சாலும் உங்க வீடியோ கால் தப்பிக்காது.

நாள்கணக்குல கரண்ட் போனா இதெல்லாம் உதவாது, உண்மைதான். அப்போ ஐஸ் பெட்டியும் கரண்ட் இருக்குற நண்பர் வீடும்தான். ஆனா எப்போ கிளம்பணும்னு சொல்ற அந்த முதல் ரெண்டு மணி நேரம் கையில இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த பகுதியில குளிர்ல பட்டன் செல் ஏன் சீக்கிரம் படுத்துடுதுன்னு பாப்போம். உங்க வீட்டுல என்ன ஏற்பாடுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும் :-)